கொக்கு மரத்தை வெட்டினால் காய்ச்சல் நின்றுவிடுமா?

கேள்வி: டாக்டர், எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பெரிய மரம் இருக்கிறது. நாலைந்து வருடமாகக் கொக்குகளும் இராக்கொக்குகளும் அதில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. நான் மாடியில் இரண்டு கிண்ணங்களில் தண்ணீரும் ஒரு தட்டில் தானியமும் வைப்பேன். குருவி, காகம், புறா எல்லாம் வரும். இரண்டு வாரத்துக்கு முன்னால் மரத்தடியில் ஒரு காகம் செத்துக் கிடந்தது. மறுநாள் இன்னொன்று. அதிலிருந்து பேச்சு கிளம்பிவிட்டது. பறவைகளிடம் இருக்கும் வைரஸ் கொசு வழியாக நமக்கு வந்து மூளைக்காய்ச்சல் உண்டாகும், அதனால் மரத்தை வெட்டிவிட வேண்டும் என்கிறார்கள். என் கிண்ணங்களையும் எடுக்கச் சொல்கிறார்கள். வீட்டில் மாமியாருக்கு 71 வயது, சர்க்கரை நோய் உண்டு. "உன் குருவிப் பாசத்தால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" என்று கணவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் சொல்வது உண்மையா? நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் அண்டை வீட்டார் சொன்னதில் பாதி உண்மை. பறவையிலிருந்து கொசுவுக்கும், கொசுவிலிருந்து மனிதருக்கும் போகிற வைரஸ்கள் இருக்கின்றன. அவற்றில் சில மூளையைத் தாக்கும். அந்தப் பாதியை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அதைக் கேட்டவுடன் கோடரியைத் தூக்குவது தவறு. சில சமயம் அது ஆபத்தைக் கூட்டிவிடவும் செய்யும். உங்கள் கிண்ணங்களைப் பற்றி மட்டும் ஒரு கண்டிப்பான வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கால்நடை மருத்துவன். காட்டுப் பறவைகளைப் பிடித்து இரத்த மாதிரி எடுப்பதும், இரவில் கொசுப் பொறி வைத்துக் காலையில் எண்ணுவதும்தான் பல வருடமாக என் வேலை. அதனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது உங்கள் மாமியாரைப் பற்றிய கவலையும் அந்த மரத்தைப் பற்றிய கவலையும் எனக்குச் சேர்ந்தே வந்தன.

முதலில் காய்ச்சல்களைப் பிரித்துக்கொள்வோம். கொசுவால் வரும் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் ஏடிஸ் கொசு ஒரு மனிதரிடமிருந்து எடுத்து இன்னொரு மனிதருக்குக் கொடுக்கிறது. நம் வீடுகளில் நடக்கும் இந்தச் சுற்றில் பறவைக்கு இடமே இல்லை. மலேரியாவும் அப்படித்தான். பறவைகளுக்கு வருகிற மலேரியா வேறு ஒட்டுண்ணி, அது நம்மைத் தொடுவதில்லை. ஆகவே பக்கத்துத் தெருவில் யாருக்காவது டெங்கு வந்தால் கொக்கு மரத்தை யாரும் முறைத்துப் பார்க்க வேண்டாம். பறவைக் காய்ச்சலையும் பலர் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். நோயுள்ள பறவையின் எச்சம், எச்சில் ஆகியவற்றோடு நெருங்கிப் புழங்குவதால் வருவது அது. கொசுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பறவைகளில் குடியிருந்து கொசு ஏறி வரும் வைரஸ்கள் வேறு. வெஸ்ட் நைல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல், உசுட்டு, செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல், ஆஸ்திரேலியாவின் மர்ரே பள்ளத்தாக்கு மூளைக்காய்ச்சல் என்று ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை சில உண்டு. சிண்ட்பிஸ், கிழக்குக் குதிரை மூளைக்காய்ச்சல் போன்றவை இன்னொரு குடும்பம். இவற்றில் பெரும்பாலானவற்றைச் சுமப்பது கியூலெக்ஸ் இனக் கொசு. பொழுது சாய்ந்த பிறகு வந்து, காதருகே ரீங்காரம் போட்டுத் தூக்கத்தைக் கெடுக்கிறதே, பெரும்பாலும் அதுதான்.

சரி, இதில் பறவையின் பங்கு என்ன? ஒரு கொசு ஒரு தடவையில் குடிப்பது சில மைக்ரோ லிட்டர் இரத்தம். அந்தச் சின்னத் துளியில் வைரஸ் ஏராளமாக இருந்தால்தான் அது கொசுவின் குடல் சுவரைத் தாண்டி, உடலில் பெருகி, எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேர முடியும். வெஸ்ட் நைல் விஷயத்தில் ஒரு மில்லி லிட்டர் இரத்தத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் வைரஸ்களாவது வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நோய் முற்றிய ஓர் அமெரிக்கக் காகத்தின் இரத்தத்தில் அது நூறு கோடியைத் தாண்டிப் போகும். மனிதரின் இரத்தத்தில் அந்த ஒரு லட்சத்தை எட்டுவதே அரிது. குதிரைக்கும் அதே நிலைதான். அதனால் மனிதரையும் குதிரையையும் இந்த வைரஸ்களுக்கு முட்டுச்சந்து என்று சொல்வோம். வைரஸ் உள்ளே வரும், நோயைத் தரலாம், ஆனால் அங்கிருந்து அடுத்த கொசுவுக்கு ஏறாது. ஒருவேளை வீட்டில் ஒருவருக்கு வெஸ்ட் நைல் வந்தாலும், அவரைக் கடித்த கொசு மற்றவர்களுக்குக் கொடுத்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

பறவைகளிலும் எல்லாம் ஒன்றல்ல. 25 இனப் பறவைகளுக்கு வெஸ்ட் நைல் வைரஸைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. காக இனத்துப் பறவைகளும் சிட்டுக்குருவி போன்ற சின்னப் பறவைகளும் கொசுவுக்கு வைரஸை வாரிக் கொடுக்கக்கூடியவை என்று அதில் தெரிந்தது. புறாவின் இரத்தத்தில் வைரஸ் அவ்வளவாக ஏறவில்லை. கோழியும் அப்படித்தான். கடி வாங்கும், நோய் காட்டாது, ஆனால் அதன் இரத்தத்தில் வைரஸோடு போராடும் எதிர்ப்பொருள் உண்டாகிவிடும். பல நாடுகளில் கூண்டுக் கோழிகளைக் காவலுக்கு வைத்து, குறிப்பிட்ட இடைவெளியில் அவற்றின் இரத்தத்தைச் சோதித்து, வைரஸ் ஊருக்குள் வந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள்.

ஒரு சிட்டுக்குருவியின் எடை 25 முதல் 30 கிராம். உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் இரத்தம் எடுக்கக் கூடாது என்பது நாங்கள் கடைப்பிடிக்கும் விதி. அப்படியென்றால் ஏறக்குறைய கால் மில்லி லிட்டருக்கு மேல் எடுக்க மாட்டோம். குருவியை உள்ளங்கையில் சாய்த்துப் பிடித்து, கழுத்தின் வலப்பக்கத்தை ஈரப் பஞ்சால் லேசாக ஒதுக்கினால் இறகே இல்லாத ஒரு பட்டை தெரியும். அதன் அடியில் நீலமாக ஓடுகிற இரத்தக் குழாய் இடப்பக்கத்துக் குழாயைவிடப் பெரியது. ஊசி உள்ளே போகும் அந்த இரண்டு மூன்று விநாடியும் குருவியின் நெஞ்சு என் விரலில் தந்தி அடிப்பது போல அடித்துக்கொண்டிருக்கும். பஞ்சால் அழுத்தி, இரத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கையை விரித்தால் ஒரு கணம் அப்படியே உட்கார்ந்திருக்கும், அப்புறம் விருட்டென்று போய்விடும். அந்தத் துளியில் இரண்டு விஷயம் பார்க்கிறோம். இப்போது வைரஸ் இருக்கிறதா? முன்பு வந்து போனதற்கான எதிர்ப்பொருள் இருக்கிறதா? இரண்டாவதுதான் அதிகம் கிடைக்கும். ஏனென்றால் பறவையின் இரத்தத்தில் வைரஸ் ஓடுவது சில நாட்கள் மட்டுமே, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். பிழைத்த பறவைக்கு நீண்ட நாள் நிற்கும் எதிர்ப்பு சக்தி வந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மரத்தைப் பற்றிப் பேசும்போது இது வேண்டும்.

கொசுவிடம் கதை வேறு. வைரஸை வாங்கிய கொசு உடனே அடுத்தவருக்குக் கொடுத்துவிட முடியாது. வெப்பத்தைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு வாரம் அது கொசுவுக்குள் பெருக வேண்டும். அதன் பிறகு சாகும்வரை அந்தக் கொசு வைரஸைச் சுமக்கும். வெயில் கூடினால் இந்தக் காத்திருப்பு குறையும். பறவையின் வாசல் சில நாட்கள்தான் திறந்திருக்கிறது, ஆனால் கொசுவின் வாசல் ஒரு தடவை திறந்தால் மூடுவதே இல்லை. நான் கொசுவையே குறிவைக்கச் சொல்வதற்கு முதல் காரணம் இது.

இனி காகங்களுக்கு வருவோம். வெஸ்ட் நைல் வைரஸை முதன்முதலில் கண்டது 1937-இல், உகாண்டாவின் வெஸ்ட் நைல் மாவட்டத்தில், காய்ச்சல் கண்ட ஒரு பெண்ணின் இரத்தத்தில். அதன் பிறகு ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு, ஐரோப்பா, ஆசியா என்று பல இடங்களில் அது தென்பட்டது. அமெரிக்கக் கண்டத்தில் மட்டும் அது அதுவரை தென்பட்டதில்லை. 1999 கோடையில் நியூயார்க் நகரத்தில் காகங்கள் விழுந்து செத்தன. ஆகஸ்டில் டெபோரா ஆஸ்னிஸ் என்ற மருத்துவர் தன் மருத்துவமனையில் மூளைக்காய்ச்சலோடு முதியவர்கள் வருவதைக் கவனித்து அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார். செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று முதலில் அறிவித்தார்கள். அதே சமயம் பிராங்ஸ் உயிரியல் பூங்காவில் நோய்க்குறியியல் பார்த்துக்கொண்டிருந்த கால்நடை மருத்துவர் ட்ரேசி மெக்நமாரா செத்த பறவைகளை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காகங்களோடு பூங்காவின் பூநாரைகளும் செத்தன. செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவைகளைக் கொல்லாதே என்று அவர் விடாமல் கேட்டார். கிழக்குக் குதிரை மூளைக்காய்ச்சலாக இருந்தால் ஈமுக்கள் முதலில் விழுந்திருக்கும், அவை நன்றாக இருந்தன. மனித நோயும் பறவை நோயும் ஒன்றுதான் என்று அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கவே நாளாயிற்று. செப்டம்பர் கடைசியில் உண்மை வந்தது: இரண்டும் வெஸ்ட் நைல். அந்த ஆண்டு 62 பேருக்கு நோய் உறுதியானது, 7 பேர் இறந்தார்கள். அடுத்த ஐந்தாண்டுக்குள் வைரஸ் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை வரை போய்விட்டது. சில பகுதிகளில் காகங்களின் எண்ணிக்கை 45 சதவீதம் வரை சரிந்தது.

இந்தக் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மனிதர்களுக்கு நோய் வருவதற்கு வாரக்கணக்கில் முன்னாலேயே காகங்கள் செத்து விழுந்து நமக்குத் தெரிவித்தன. கேட்டிருந்தால் கொசு ஒழிப்பை முன்கூட்டியே தொடங்கியிருக்கலாம். இன்று பல இடங்களில் செத்த காகத்தைப் பற்றிப் பொதுமக்கள் தரும் தகவல்தான் முதல் எச்சரிக்கை. பறவைகளை விரட்டிவிட்டால் அந்த எச்சரிக்கையும் கூடவே போய்விடும்.

உங்கள் மரத்துக் கொக்குகளைப் பற்றி: ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் இயற்கையில் தங்கி வாழ்வது கொக்கு, நாரை, இராக்கொக்கு போன்ற நீர்ப்பறவைகளிடம் என்பது நன்றாகத் தெரிந்த உண்மை. அதைப் பரப்பும் முக்கியமான கியூலெக்ஸ் இனம் நெல்வயல் தண்ணீரில் பெருகுகிறது, கொக்கும் அதே வயலில்தான் இரை தேடுகிறது. கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு உடம்பில் இறகு சரியாக முளைத்திருக்காது, வைரஸுக்கு எதிர்ப்பு சக்தியும் இருக்காது. வளர்ந்த பறவைகளிலும் இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு. சில இனங்கள் காலை உதறும், தலையை ஆட்டும், வந்து உட்காரும் கொசுவை அலகால் கொத்தும். இராக்கொக்கு பெரும்பாலும் அசையாமல் நின்று கடி வாங்கிக்கொண்டிருக்கும். இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் அதன் கண்ணோரத்திலும் கால்களிலும் வயிறு சிவந்த கொசுக்கள் உட்கார்ந்திருப்பது தெரியும்.

ஆனால் இந்த நோய் மனிதர்களிடம் பெரிய அளவில் வருவதற்குப் பெரும்பாலும் நடுவில் இன்னொரு படி வேண்டியிருக்கிறது. அது பன்றி. பன்றியின் இரத்தத்தில் வைரஸ் ஏராளமாகப் பெருகும், பன்றி மனிதர்களுக்கு அருகில் வாழும், குட்டிகள் ஓயாமல் பிறந்துகொண்டே இருக்கும். 2022 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில், நல்ல மழைக்குப் பிறகு கொசுவும் நீர்ப்பறவைகளும் பெருகியிருந்த சமயம், பன்றிப் பண்ணைகளில்தான் இந்த வைரஸ் முதலில் கண்ணில் பட்டது. உங்கள் கடிதத்தில் வயலும் இல்லை, பன்றிகளும் இல்லை. நீங்கள் எழுதியது ஒரு மரத்தையும் சில கூடுகளையும் பற்றி. இந்த இரண்டு நிலைமைக்கும் தூரம் அதிகம்.

வலசைப் பறவைகள் கண்டம் விட்டுக் கண்டம் நோயைச் சுமந்து வருகின்றன என்ற பேச்சும் உங்கள் குடியிருப்பில் வரத்தான் போகிறது. அதில் உண்மை உண்டு, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு நேர்க்கோடாக இல்லை. 1998 ஆகஸ்டில் ஏறக்குறைய 1,200 செங்கால் நாரைகள் தெற்கே போகும் வழியில் வெப்பக் காற்றில் திசைமாறி இஸ்ரேலின் ஐலாத் நகரத்தில் இறங்கின. களைத்துச் செத்தவற்றிலிருந்து வெஸ்ட் நைல் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை அந்த ஆண்டுதான் ஐரோப்பாவில் பொரிந்த இளம் பறவைகள், ஆப்பிரிக்காவை இன்னும் பார்க்காதவை. அப்படியென்றால் அவை வைரஸை வாங்கியது ஐரோப்பாவில், அங்குள்ள கொசுக்களிடமிருந்து. வைரஸை ஒரு பறவை எங்கே கொண்டுபோய் இறக்கினாலும் அதை ஏற்றிக்கொள்ள அங்கே போதுமான கொசு இருக்க வேண்டும், அந்தக் கொசு வைரஸ் பெருகும்வரை உயிரோடு இருக்க வேண்டும், அடுத்து எதிர்ப்பு சக்தி இல்லாத இன்னொரு பறவை கிடைக்க வேண்டும். 1959-இல் ஆப்பிரிக்காவின் தெற்கில் ஒரு கொசுவில் கண்டெடுத்த உசுட்டு வைரஸ் 2001-இல் ஆஸ்திரியாவின் வியன்னாவைச் சுற்றிக் கருப்புப் பாடும் பறவைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. அந்த ஊர்க் கொசுக்களும் பறவைகளும் அதற்கு இடம் கொடுத்ததால் பல ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டது.

இப்போது மரம். வெட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கொக்குகள் ஆவியாகிவிடாது. அடுத்த தெருவிலோ அடுத்த குளத்திலோ போய்க் கூடு கட்டும், வைரஸ் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போகும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகள் மட்டும் செத்துப்போகும். இங்கே மிஞ்சுவது கொசு. தினமும் பறவைகளைக் கடித்துக்கொண்டிருந்த கொசு அன்று ராத்திரி யாரைத் தேடும்?

இதை ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ராபின் என்று ஒரு பறவை உண்டு, அங்குள்ள கியூலெக்ஸ் கொசுவுக்கு மிகப் பிடித்த பறவை. கோடைக் கடைசியில் இனப்பெருக்கம் முடிந்து ராபின்கள் கலைந்து போகும் சமயத்தில் கொசுக்கள் என்ன செய்கின்றன என்று கொசு வயிற்றில் இருந்த இரத்தத்தை வைத்தே கண்டுபிடித்தார்கள். மனிதரைக் கடிப்பது ஏழு மடங்கு கூடியிருந்தது. மனிதர்களிடம் வெஸ்ட் நைல் உச்சத்துக்குப் போவதும் அந்த மாதங்களில்தான். 2006-இல் வெளிவந்த அந்த ஆய்வு என் வேலையில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது. பறவைகளைக் கலைத்தால் என்ன நடக்கும் என்பதை இயற்கையே ஒவ்வோர் ஆண்டும் அங்கே செய்து காட்டுகிறது.

அப்புறம், முன்பு மனதில் வைக்கச் சொன்ன விஷயம். பல வருடமாக ஒரே மரத்துக்கு வரும் வயதான பறவைகளில் வைரஸைக் கண்டு பிழைத்தவை இருக்கக்கூடும். அப்படிப்பட்ட பறவையைக் கடிக்கும் கொசுவுக்கு வைரஸ் கிடைக்காது. அவற்றை விரட்டினாலோ கொன்றாலோ அந்த இடத்துக்கு எதிர்ப்பு சக்தி இல்லாத புதுப் பறவைகள் வந்து சேரும். நோய்க்குப் பயந்து காட்டுப் பறவைகளைக் கொல்வதை நான் எந்த வடிவத்திலும் ஏற்க மாட்டேன். அது பாவம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நோய் விஷயத்திலும் அது நமக்கு எதிராகவே திரும்பும். மரத்தடியில் எச்ச நாற்றம், நடைபாதை வழுக்கல் என்று உங்கள் அண்டை வீட்டாருக்கு வேறு தொந்தரவுகள் இருக்கலாம். அவை நியாயமானவை, கழுவிவிட்டும் கீழே வலை கட்டியும் சரி செய்யலாம். காய்ச்சலின் பெயரால் மரத்தை வெட்ட வேண்டாம்.

கண்டிப்பான வார்த்தை சொல்ல வேண்டும் என்றேன் அல்லவா? உங்கள் கிண்ணங்களைப் போய் இப்போதே பாருங்கள். தண்ணீர்ப் பரப்பில், ஓரத்தை ஒட்டி, ஓர் அரிசியைவிடச் சின்னதாக, பழுப்பும் கருப்புமாக, நடுவில் லேசாகக் குழிந்த படகு போல ஏதாவது மிதக்கிறதா? மரத்தூள் என்று நினைத்துத் தள்ளிவிடுவீர்கள். அது கியூலெக்ஸ் கொசுவின் முட்டைத் தெப்பம். நின்றபடி ஒட்டிக்கொண்டிருக்கும் நூறு முதல் முந்நூறு முட்டைகள் அதில் இருக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரியும். புழுக்கள் வால் நுனியில் இருக்கும் மூச்சுக்குழாயை நீர்ப்பரப்பில் ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். உங்கள் நிழல் விழுந்தவுடன் நெளிந்து நெளிந்து அடியில் போகும், மூச்சு முட்டியதும் மேலே வரும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாட்கள் போதும். பறவை வந்து குடிக்கும் கிண்ணத்திலேயே கொசுவை வளர்த்துவிட்டால், வைரஸும் கொசுவும் சந்திக்க நாமே இடம் பிடித்துக் கொடுத்தது போல ஆகிவிடும்.

எனவே கிண்ணத்தை எடுக்க வேண்டாம், ஆனால் தினமும் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். முடியாத நாளில் மறுநாள் கட்டாயம். ஊற்றுவதற்கு முன் உட்புறத்தை ஒரு நாரால் தேயுங்கள், ஏனென்றால் ஏடிஸ் கொசு முட்டைகளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகும், காய்ந்தாலும் அவை மாதக்கணக்கில் சாகாது. ஊருக்குப் போவதாக இருந்தால் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள். தானியத் தட்டைச் சுத்தமாக வைப்பது பறவைகளுக்கே நல்லது, வேறு நோய்கள் அதில் பரவும்.

இரண்டு கிண்ணத்தைவிடப் பெரிய விஷயம் உங்கள் கட்டடத்தின் கழிவுநீர். கியூலெக்ஸுக்குச் சத்துள்ள அழுக்குத் தண்ணீர்தான் விருப்பம். மூடி சரியாகப் பொருந்தாத செப்டிக் டேங்க், வலை கட்டாத காற்றுக் குழாய், அடைத்துக்கொண்ட சாக்கடை, மாடியில் தேங்கிய மழைநீர், யாரும் புழங்காத தொட்டி: இவற்றில் ஒன்றே போதும், ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கான கொசு கிளம்பும். கொசுப்புழுவைக் குறிவைத்துக் கொல்லும் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது, பறவைக்கும் மீனுக்கும் அதனால் தீங்கில்லை. புழு தின்னும் மீன்களை, அவை வெளியே போக வழியில்லாத தொட்டிகளில் விடலாம். குளத்திலோ ஏரியிலோ விட வேண்டாம், அங்குள்ள சொந்த மீன்களை அவை தின்று அழித்துவிடும். மாலையில் வண்டி வைத்துப் புகை அடிப்பதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். புகையில் பறக்கும் கொசுக்கள் சாகும், தண்ணீரில் இருக்கும் புழுக்களுக்கு ஒன்றும் ஆகாது.

செத்த இரண்டு காகங்கள் எதனால் செத்தன என்று கடிதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. விஷம் வைத்த எலியைத் தின்றிருக்கலாம், மின்கம்பியில் பட்டிருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இனி ஒன்று கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை போட்டோ, ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி அதைத் திருப்பியோ எடுத்து, இரண்டு பைகளில் கட்டிவைத்துவிட்டு, அருகிலுள்ள கால்நடைத் துறைக்கோ சுகாதாரத் துறைக்கோ தகவல் சொல்லுங்கள். பறக்காமல் தரையில் உட்கார்ந்து, தலை தள்ளாட, ஆள் கிட்டே வந்தாலும் நகராமல் இருக்கும் காகத்தைக் கண்டால் அதையும் சொல்லுங்கள். சில நாட்களுக்குள் அடுத்தடுத்துப் பல காகங்கள் விழுந்தால் அது அவசரச் செய்தி. நாய், பூனையைக் கிட்டே விடாதீர்கள். செத்த பறவையைத் தின்பதாலும் மிருகங்களுக்கு வைரஸ் போகக்கூடும். 2013 குளிர்காலத்தில் அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில், பனி பெய்து கொசுவே இல்லாத சமயத்தில், நாற்பதுக்கும் மேற்பட்ட வெண்தலைக் கழுகுகள் வெஸ்ட் நைலால் செத்தன. நோய் கண்ட நீர்ப்பறவைகளை அவை தின்றிருந்தன.

இனி உங்கள் மாமியார். வெஸ்ட் நைல் தொற்றிய பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு எந்த அறிகுறியும் வராது. இருவருக்குக் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி வந்து போகும். ஏறக்குறைய 150 பேரில் ஒருவருக்கு மூளையையோ நரம்பையோ தாக்கும். அந்த ஒருவராக ஆகும் வாய்ப்பு 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் உள்ளவர்களுக்கும் அதிகம். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்கள் கணவரின் கவலையில் நியாயம் இருக்கிறது, அந்தக் கவலையை வேலை செய்ய வைக்க வேண்டிய இடம் எது என்று சொல்வதற்காகச் சொல்கிறேன். அம்மாவின் அறை ஜன்னலில் ஓட்டை இல்லாத வலை, கட்டிலுக்குக் கொசுவலை, பொழுது சாய்ந்து வெளியே உட்காரும்போது கையும் காலும் மூடும் உடை, டீட் அல்லது பிகாரிடின் உள்ள கொசுவிரட்டிப் பூச்சு. இவ்வளவும் செய்தால் மரத்தில் நூறு கொக்கு இருந்தாலும் அவருக்குப் பெரிய பாதுகாப்பு.

மனிதர்களுக்கு வெஸ்ட் நைல் தடுப்பூசி இன்னும் இல்லை, குதிரைகளுக்கு உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. நோய் இருக்கும் பகுதியில் வசிப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு, கடுமையான தலைவலி, வலிப்பு, ஒரு கை கால் திடீரென்று தளர்வது என்று எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அங்கே, அருகில் பறவைகள் இறந்த விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எந்தச் சோதனை செய்வது என்று முடிவெடுக்க அது மருத்துவருக்கு உதவும்.

குடியிருப்புக் கூட்டத்துக்குப் போகும்போது கையில் ஒரு வெள்ளைக் கிண்ணம் எடுத்துப் போங்கள். அதற்கு முன், கட்டடத்தின் பின்பக்கச் சாக்கடையிலோ தேங்கிய தண்ணீரிலோ அதை மெதுவாக முக்கி ஒரு கிண்ணம் மொண்டுகொள்ளுங்கள். வெள்ளைப் பரப்பில் புழுக்கள் நன்றாகத் தெரியும், ஒவ்வொன்றாக எண்ணலாம். மேஜையில் வைத்து எல்லோரையும் பார்க்கச் சொல்லுங்கள். இதை இந்த வாரமே சுத்தம் செய்துவிடுவோம், கூட்டில் குஞ்சுகள் பறக்கப் பழகிய பிறகு மரத்தைப் பற்றி உட்கார்ந்து பேசுவோம் என்று கேளுங்கள்.